பரணில் இருக்கும் ஸ்லைடும் டி.வி.யில் ஓடும் டிஸ்க்கும்

தில்லியில் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக வாழ்ந்து வரும் தமிழ்க் குடும்பங்களில் பரண் மேல் ஒரு டிரங்குப் பெட்டி கட்டாயம் இருக்கும். ஊரிலிருந்து கொண்டு வந்த வெண்கலப் பானை, பழைய ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட்டுகள் இவற்றுக்கு நடுவே சில வீடுகளில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் டப்பாவும் ஒன்றிரண்டு இருக்கும். திறந்தால் இரண்டு அங்குலச் சதுரத்தில் அட்டைச் சட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் தபால் தலை அளவில் ஒரு படம். ஜன்னலுக்கு நேரே பிடித்தால் தாத்தா சிரிப்பார். அதுதான் ஸ்லைடு.

அந்த ஸ்லைடுகளையும், பிற்காலத்தில் அதே பெயரைப் பெற்ற கம்ப்யூட்டர் ஸ்லைடுகளையும், வீட்டு டி.வி.யில் போட்டுப் பார்க்கும் வீடியோ டிஸ்க்காக மாற்றுவது எப்படி என்பதே இந்தப் பாடம். நானாகத் தவறு செய்து, தவறிலிருந்து கற்றுக்கொண்டவை இதில் நிறைய உண்டு. ஆகவே முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு ஸ்லைடுகள்

என் பெரியப்பா மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, காமிரா ஒன்றுதான் அவருக்கிருந்த ஒரே செலவு. 1968 முதல் 1985 வரை அவர் எடுத்தவற்றில் 210 ஸ்லைடுகள் எஞ்சியிருக்கின்றன. 1973-இல் மலை மந்திர் கும்பாபிஷேகம், 1978-இல் யமுனையில் வந்த பெருவெள்ளம், 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஊரெல்லாம் எழுந்த மேம்பாலங்கள், புது தில்லி ஸ்டேஷனில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறும் உறவினர்கள் என்று பலதும் அதில் உண்டு. புரொஜெக்டரை ஓர் நண்பர் வீட்டில் இரவல் வாங்கி, வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, எங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார்.

2004-இல் அவருக்குச் சதாபிஷேகம். அதற்காக நான் 60 ஸ்லைடுகளைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் செய்தேன். பவர்பாயிண்டில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஒரு வரி எழுதினேன். ஆனால் கும்பகோணத்திலும் திருச்சியிலும் இருந்த உறவினர்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. வி.சி.டி. பிளேயர் மட்டும் எல்லோரிடமும் இருந்தது. எனவே அதை வீடியோ டிஸ்க்காக மாற்றுவது என்று முடிவு செய்தோம். வெறும் படமாகப் போகக்கூடாதே என்று பெரியப்பாவை மைக் முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு படத்தையும் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். மொத்தம் 25 நிமிடம். பன்னிரண்டு டிஸ்க்குகள் எடுத்து, தாம்பூலப் பையோடு கொடுத்தோம்.

"மிச்சம் 150 இருக்கே, அதுக்கும் பேசிடலாமாடா?" என்று பெரியப்பா கேட்டார். "தீபாவளிக்குப் பார்த்துக்கலாம் பெரியப்பா" என்றேன். அந்தத் தீபாவளி போயிற்று. இன்னும் சில தீபாவளிகளும் போயின. 2009-இல் பெரியப்பா காலமானார்.

சென்ற ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டியை இறக்கினோம். ஸ்லைடு, பவர்பாயிண்ட் கோப்பு, வி.சி.டி. மூன்றும் கைக்குக் கிடைத்தன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பவர்பாயிண்ட் கோப்பு திறந்தது. படங்கள் வந்தன. ஆனால் நான் தமிழில் எழுதிய வரிகள் எல்லாம் ரோமன் எழுத்துகளும் புள்ளிகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடந்தன.

வி.சி.டி. ஓடியது. தமிழ் வரிகள் எழுதியபடியே இருந்தன. பெரியப்பாவின் குரலும் இருந்தது. ஆனால் படங்கள் கலங்கித் தெரிந்தன. முகங்களை ஊகித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஸ்லைடுகளில் சிலவற்றில் நிறம் சிவந்திருந்தது, சிலவற்றின் ஓரத்தில் பூஞ்சை. ஆயினும் வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது ரயில் பெட்டியின் பலகையைக்கூட வாசிக்க முடிந்தது. ஆனால் அவை பேசவில்லை.

ஆக, ஒவ்வொன்றும் ஒன்றைக் காப்பாற்றி மற்றதை விட்டுவிட்டது. படத்தின் நுணுக்கம் ஸ்லைடில் இருந்தது, எழுத்தும் குரலும் டிஸ்க்கில் இருந்தன. எந்த ஒன்றை நம்பி மற்றதைத் தூக்கி எறிந்திருந்தாலும் நஷ்டமே. வாசகர்கள் இந்தப் பாடத்தில் மனத்தில் கொள்ள வேண்டிய முதல் செய்தி இது. ஏன் இப்படி ஆயிற்று என்று தெரிந்துகொண்டால் செய்முறை தானே விளங்கும்.

படம் ஏன் மங்கியது?

டி.வி.யிலோ கம்ப்யூட்டரிலோ தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. புள்ளிகள் கூடக் கூட நுணுக்கம் கூடும். வி.சி.டி. என்பது 1993-இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜே.வி.சி. ஆகிய நிறுவனங்கள் வகுத்த முறை. அதில் நம் நாட்டு டி.வி. முறைப்படி ஒரு படத்துக்கு அகலவாக்கில் 352, உயரவாக்கில் 288 புள்ளிகள். பெருக்கினால் சுமார் ஒரு லட்சம் புள்ளிகள். பிறகு வந்த டி.வி.டி.யில் 720-க்கு 576, அதாவது சுமார் நாலே கால் லட்சம். இன்றைய முழு எச்.டி. வீடியோவில் 1920-க்கு 1080, சுமார் 21 லட்சம்.

ஸ்லைடு எவ்வளவு? சாதாரண 35 மில்லிமீட்டர் ஸ்லைடின் படப்பகுதி 36-க்கு 24 மில்லிமீட்டர். அதை அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 77 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். 4000 வீதம் செய்தால் இரண்டு கோடியைத் தாண்டும். வி.சி.டி.யில் நமக்குக் கிடைத்தது குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர். டம்ளரில் தவறில்லை. குடத்தைக் கவிழ்த்துவிட்டு டம்ளரை மட்டும் வைத்துக்கொள்வதுதான் தவறு.

எழுத்து ஏன் சிதறியது?

1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டில் இருந்தன. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணில் ஒருவர் 'அ' வைப்பார், இன்னொருவர் 'கூ' வைப்பார். அந்த எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில்தான் தமிழ் தெரியும். இந்தக் குழப்பத்தைக் குறைக்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது மெல்லப் பழக்கத்துக்கு வந்தது. 2004-இல் நான் பயன்படுத்தியது பழைய எழுத்துரு. அந்தக் கம்ப்யூட்டர் போனதும் எழுத்துருவும் போயிற்று.

டிஸ்க்கில் அந்தச் சிக்கல் வரவில்லை. காரணம், வீடியோவில் எழுத்து என்று ஒன்று கிடையாது. எல்லாமே படம். சுவரில் பெயிண்டால் எழுதியது போல எழுத்தின் உருவம் நின்றுவிட்டது. ஆனால் அதைத் திருத்தவோ தேடவோ முடியாது.

உங்களிடமும் இத்தகைய பழைய கோப்பு இருந்தால் கவலை வேண்டாம். சிதறிய வரிகளை நகலெடுத்து என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற எழுத்துமாற்றி மென்பொருளில் இட்டு யூனிகோடுக்கு மாற்றலாம். எழுத்துருவின் பெயர் கோப்பிலேயே பதிந்திருக்கும். அதைப் பார்த்து எந்தக் குறியீடு என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்லைடு என்ற பெயர் எப்படி வந்தது?

பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். பவர்பாயிண்ட் 1987-இல் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தால் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக வெளியிடப்பட்டது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. அந்நாளில் அதில் செய்த பக்கங்களை மேசை மேல் வைக்கும் புரொஜெக்டருக்கான தாள்களாக அச்சிட்டார்கள். 1988-இல் வந்த அடுத்த பதிப்பில் பக்கங்களை ஜெனிகிராஃபிக்ஸ் என்ற நிறுவனத்துக்கு அனுப்பி, அசலான 35 மில்லிமீட்டர் பிலிம் ஸ்லைடுகளாகவே பெறலாம் என்ற வசதி வந்தது. அதாவது கம்ப்யூட்டரிலிருந்து பிலிமுக்குப் போனார்கள். இன்று நாம் பிலிமிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருகிறோம். பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

பிலிம் ஸ்லைடின் காலம் எப்போது முடிந்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். கோடாக் நிறுவனம் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பை 2004-இல் நிறுத்தியது. 1935-இல் தொடங்கிய கோடாக்ரோம் பிலிமின் தயாரிப்பு 2009-இல் நிறுத்தப்பட்டது. அதைக் கழுவிய கடைசி ஆய்வகமான அமெரிக்காவின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் உள்ள கூடம், 2010 டிசம்பர் 30 வரை வந்த பிலிம்களை மட்டும் ஏற்றுக்கொண்டது.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதல் படி: எண் இடுதல்

பெட்டியைத் திறந்தவுடன் ஸ்கேனரைத் தேடிப் போகாதீர்கள். ஒவ்வொரு ஸ்லைடையும் வெளிச்சத்தில் நேராகப் பிடித்து, சட்டத்தின் இடது கீழ் மூலையில் பென்சிலால் எண் எழுதுங்கள். எண் எப்போதும் அதே மூலையில் இருந்தால் படம் தலைகீழா, இடம் வலம் மாறியதா என்ற குழப்பம் வராது. பிறகு ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே தெரிந்ததை எழுதுங்கள். சட்டத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தால் அதையும் குறியுங்கள். பெரும்பாலும் அது கழுவிய தேதி, எடுத்த தேதி அல்ல.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் செய்கின்றன. நம் தில்லியில் உள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் இருக்கின்றன. 1994-இல் அங்கே பண்பாட்டுச் செல்வங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கென்று தனி ஆய்வகமே தொடங்கினார்கள். லட்சம் ஸ்லைடில் ஒன்றை எடுக்க வேண்டுமானால் அட்டவணையில் அதன் எண் இருக்க வேண்டும். 210 ஸ்லைடுக்கும் அதே விதிதான்.

இரண்டாம் படி: சுத்தம் செய்தல்

காமிராக் கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி படும். ஈரத் துணி கூடவே கூடாது. படத்தின் மேல் விரல் படாமல் சட்டத்தை மட்டும் பிடிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த ஸ்லைடுகளை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில் வையுங்கள். தேய்த்து எடுக்கப் பார்த்தால் படமும் சேர்ந்து வந்துவிடும்.

மூன்றாம் படி: ஸ்கேன் செய்தல்

காகிதத்தை ஸ்கேன் செய்யும் சாதாரண ஸ்கேனரில் ஸ்லைடை வைத்தால் கறுப்பாகத்தான் வரும். காரணம், காகிதத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. ஸ்லைடில் வெளிச்சம் ஊடுருவிப் போக வேண்டும். எனவே மூடியிலும் விளக்கு உள்ள ஸ்கேனரோ பிலிமுக்கென்றே உள்ள ஸ்கேனரோ தேவை. நல்ல காமிரா உள்ளவர்கள், கிட்டத்தில் வைத்து எடுக்கும் லென்ஸைப் பொருத்தி, வெள்ளை விளக்குப் பலகையின் மேல் ஸ்லைடை வைத்துப் படம் எடுப்பதும் உண்டு.

வீட்டுத் தேவைக்கு 2400 புள்ளி போதும். முக்கியமான படங்களுக்கு 4000 வைக்கலாம். சில ஸ்கேனர்களில் தூசியைத் தானே நீக்கும் அகச்சிவப்பு வசதி உண்டு. கோடாக்ரோம் ஸ்லைடுக்கும் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கும் அது சரிப்படாது, அணைத்துவிடுங்கள். கோப்பின் பெயராக நோட்டில் உள்ள எண்ணையே கொடுங்கள்.

கடையில் கொடுத்துச் செய்வதானால் முதலில் பத்து ஸ்லைடு மட்டும் கொடுத்துத் தரம் பாருங்கள். எண் இடாத பெட்டியை யாரிடமும் கொடுக்க வேண்டாம். எனக்கு ஒரு கடையில் திரும்பி வந்த முதல் கட்டில் வேறு யாருடைய கல்யாண ஸ்லைடோ இரண்டு இருந்தன. எண் இருந்ததால் என்னுடையவை எவை என்று சொல்ல முடிந்தது.

நான்காம் படி: குரல் பதிவு

வரிசையில் இது நான்காவது. ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதையே முதலில் செய்யுங்கள். ஸ்கேன் பிறகும் செய்யலாம். ஸ்லைடு இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கும்.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். கைபேசியில் உள்ள ஒலிப்பதிவு போதும். கைபேசியைப் பேசுகிறவருக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள். கூலரையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். தில்லி வெயிலில் அது சிரமம்தான். எனவே காலையிலோ குளிர்காலத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். படத்தை டி.வி.யிலோ லேப்டாப்பிலோ பெரிதாகக் காட்டுங்கள். முதலில் நீங்கள் எண்ணைச் சொல்லுங்கள், பிறகு அவர் பேசட்டும். ஒரு படத்துக்கு ஒரு கோப்பு. ஒரு நாளைக்கு இருபது படத்துக்கு மேல் வேண்டாம், களைத்துவிடுவார்கள்.

என்ன கேட்பது? "ஏதாவது சொல்லுங்கோ" என்றால் "என்ன சொல்ல, நன்னாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும். இது யார், இடமிருந்து வலமாகப் பெயர் என்ன, எந்த வீடு, எந்த வருஷம், படம் எடுத்தது யார், அன்றைக்கு என்ன விசேஷம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயரோடு உறவையும் சொல்லச் சொல்லுங்கள். 'சித்தப்பா' என்றால் யாருக்குச் சித்தப்பா என்பது ஐம்பது ஆண்டுக்குப் பிறகு கேட்கிறவருக்குத் தெரியாது.

பெரியப்பா பேசாமல் போன 150 ஸ்லைடுகளை நான் இப்போது பெரியம்மாவுக்குக் காட்டி வருகிறேன். அவருக்கு எண்பத்தெட்டு வயது. கண் சற்று மங்கல். டி.வி.யில் பெரிதாகப் போட்டால் தெரிகிறது. இதுவரை 93 படங்களுக்குப் பேசியிருக்கிறார். ஸ்டேஷன் படம் ஒன்றில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண் யார் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. பெரியம்மா பார்த்தவுடன் சொன்னார்: "இவ நம்ம எதிர் குவார்ட்டர்ஸ் பொண்ணு. பிரசவத்துக்கு ஊருக்குப் போறா. துணைக்கு ஆளில்லேன்னு உங்க பெரியப்பாதான் டிக்கெட் எடுத்து ஏத்தி விட்டார்." ஸ்லைடில் இது எழுதியிருக்கவில்லை. எந்த ஸ்கேனரும் இதைப் படித்துச் சொல்லாது. வேறு பல படங்களைப் பார்த்து "தெரியலையேப்பா, அவருக்குத்தான் தெரியும்" என்கிறார். அந்தப் படங்களுக்கு நோட்டில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: பக்கம் அமைத்தல்

ஸ்கேன் செய்த படங்களைப் பவர்பாயிண்டிலோ அதுபோன்ற வேறு மென்பொருளிலோ வரிசைப்படுத்துங்கள். கவனிக்க வேண்டியவை இவை.

டி.வி.க்கு இன்று அகலத் திரை என்பதால் பக்க அளவை 16-க்கு 9 என்று வையுங்கள். ஸ்லைடு 3-க்கு 2 விகிதம், அதனால் இரு பக்கமும் சற்றுக் கறுப்பு இடம் வரும். வரட்டும். நிரப்புவதற்காகப் படத்தை இழுத்தால் ஆள் குண்டாகிவிடுவார்.

விளிம்பில் எதையும் வைக்காதீர்கள். பழைய டி.வி.கள் படத்தின் ஓரத்தைச் சற்று மறைத்துவிடும். எங்கள் 2004 டிஸ்க்கில் கடைசி வரிசையில் நின்றவர்களின் தலை பாதி காணவில்லை. பக்கத்தின் நான்கு புறமும் பத்தில் ஒரு பங்கு விட்டு எழுத்துகளை உள்ளே வையுங்கள்.

தமிழ் எழுத்தைப் பெரிதாகவும் சற்றுத் தடிமனாகவும் எழுதுங்கள். நம் எழுத்துகளில் சுழியும் கொக்கியும் அதிகம். டி.வி.டி.யின் புள்ளிகளில் சிறு எழுத்தானால் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். மெல்லிய கிடைக்கோடுகள் பழைய டி.வி.யில் துடிக்கும். ஒரு பக்கத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கருநீலப் பின்னணியில் வெண்மையான எழுத்து நன்றாகத் தெரியும். யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள்.

பின்னணியில் நாதஸ்வரமோ சினிமாப் பாட்டோ போடும் ஆசை வரும். குரல் உள்ள இடத்தில் வேண்டாம். பேச்சை அது அமுக்கிவிடும்.

ஆறாம் படி: வீடியோ ஆக்குதல்

ஒவ்வொரு பக்கத்திலும் அதற்குரிய குரல் கோப்பைச் சேர்த்து, அது தானாகத் தொடங்குமாறு அமையுங்கள். பேச்சில்லாத படத்துக்கு ஏழெட்டு விநாடி போதும். பவர்பாயிண்டின் 2010 பதிப்பிலிருந்து முழு வரிசையையும் வீடியோவாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. 2013 பதிப்பிலிருந்து எம்.பி.4 வகையிலும் கிடைக்கும். முழு எச்.டி. அளவைத் தேர்ந்தெடுங்கள்.

வீடியோ வந்ததும் முழுவதும் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். 'கொ', 'கே' போன்றவற்றில் கொம்பு இடம் மாறியிருக்கிறதா, குரல் முடிவதற்குள் படம் மாறுகிறதா என்று கவனியுங்கள். திருத்துவதானால் இப்போதே திருத்த வேண்டும்.

ஏழாம் படி: டிஸ்க்கில் பதித்தல்

பலர் தவறு செய்யும் இடம் இது. எம்.பி.4 கோப்பை அப்படியே டி.வி.டி.யில் நகலெடுத்தால் அது வெறும் கோப்பு வைத்த டிஸ்க். எல்லாப் பிளேயரிலும் ஓடாது. டி.வி.டி. வீடியோ என்ற அமைப்பில் மாற்றிப் பதிக்க வேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் இதற்கான மென்பொருள் கூடவே வந்தது. விண்டோஸ் 8-இலிருந்து அது இல்லை. டி.வி.டி. ஸ்டைலர் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு இதைச் செய்யலாம். புதிய லேப்டாப்களில் டிஸ்க் செருகும் இடமே இருக்காது. யு.எஸ்.பி.யில் இணைக்கும் தனி டிரைவ் வாங்க வேண்டும்.

எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று பாருங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றின் பழைய டி.வி. முறை பால் எனப்படுவது. இது குடிக்கும் பால் அல்ல! அமெரிக்காவிலும் கனடாவிலும் என்.டி.எஸ்.சி. என்ற வேறு முறை. இங்கே பால் முறையில் பதித்த டிஸ்க் அங்குள்ள பிளேயர்கள் பலவற்றில் ஓடாது. அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பதியுங்கள், அல்லது கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிக்கும் வேகத்தைக் குறைத்து வையுங்கள். முடிந்ததும் டிஸ்க்கை இறுதி செய்யும் கட்டளையைக் கொடுக்க மறவாதீர்கள். வேறொரு பிளேயரில் போட்டுச் சோதித்த பிறகே அனுப்புங்கள். டிஸ்க்கின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுத வேண்டாம். குறுந்தகட்டில் தகவல் இருக்கும் அடுக்கு பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றே கீழேதான் இருக்கிறது, முனை குத்தினால் கீறிவிடும். டிஸ்க்குக்கென்றே உள்ள மென்முனைப் பேனாவால் எழுதுங்கள்.

இந்தக் காலத்தில் டிஸ்க் எதற்கு?

இளையவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. டிஸ்க்கின் காலம் எப்படிப் போயிற்று என்பதற்குத் தில்லியிலேயே சாட்சி உண்டு. 1983-இல் இங்கே தொடங்கிய மோசர் பேயர் நிறுவனம், நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் ஆலை வைத்து, உலகின் பெரிய டிஸ்க் தயாரிப்பாளர்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2007-இல் 28 ரூபாய்க்கு வி.சி.டி.யும் 34 ரூபாய்க்கு டி.வி.டி.யுமாகத் திரைப்படங்களை விற்றபோது, நம் வீடுகளில் தமிழ்ப் பட டிஸ்க்குகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. அதே நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பதிவு செய்யும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது.

ஆனாலும் ஊரில் இருக்கும் அத்தைக்குக் கடவுச்சொல் தெரியாது, டி.வி.டி. பிளேயரின் பொத்தான் தெரியும். அவருக்கு டிஸ்க் இன்றும் எளிது. கைபேசியில் ஒவ்வொரு படமாக அனுப்பினால் வரிசை கலைந்து, படமும் சுருங்கிப் போகிறது. பிளேயர் இல்லாத வீட்டுக்கு அதே எம்.பி.4 வீடியோவைப் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். புதிய டி.வி.களில் அதைச் செருகும் இடம் பொதுவாக இருக்கும். டிஸ்க்கும் பென் டிரைவும் பார்ப்பதற்கான பிரதிகள். பாதுகாப்பதற்கான பிரதிகள் வேறு. இதை மறக்கவே கூடாது.

பாதுகாக்க வேண்டியவை நான்கு: அசல் ஸ்லைடுகள், முழு அளவு ஸ்கேன் கோப்புகள், திருத்தப்படாத குரல் பதிவுகள், எண் எழுதிய நோட்டு. கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுங்கள். நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதில் சேருங்கள். ஸ்லைடுகளைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். தில்லியில் ஜூன் மாத வெப்பத்துக்கும் ஆகஸ்ட் மாத ஈரத்துக்கும் பரணைப்போல மோசமான இடம் வேறில்லை. உள் அறை அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் திறந்து சோதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குச் சரஸ்வதி பூஜையை வைத்துக்கொண்டிருக்கிறோம். மறுநாள் பூஜையிலிருந்து புத்தகங்களை எடுக்கும்போது ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துக் கம்ப்யூட்டரில் இணைத்து, பத்துக் கோப்புகளையாவது திறந்து பார்க்கிறோம். பெரியம்மாவின் குரலைக் கேட்ட பிறகுதான் சுண்டல்.

இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு ஸ்கேனர் வாங்க நேரு பிளேஸுக்குப் போகிறவர்கள் போகலாம், அதற்கு அவசரம் இல்லை. ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை டப்பாவை இறக்கி, ஒரே ஒரு ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, வீட்டுப் பெரியவரிடம் "இது யாரு?" என்று கேளுங்கள். கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட மறந்துவிடாதீர்கள்.